வாசிக்க முடியாத கட்டுரை

பேனாவைத் தவிர வேறு எந்தக் கருவியிடமும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கடிதமானாலும் கதையானாலும் மளிகைக் கணக்கானாலும் கையெழுத்துத்தான். கதை முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டி.டி.பி. கடையில் கொடுத்துவிடுவேன். அங்கே உள்ள பையன் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, அழகாகப் பக்கம் கட்டிக் கொடுப்பான். இருபது வருஷமாக இந்த ஏற்பாட்டில் எனக்கும் குறையில்லை, கடைக்காரருக்கும் குறையில்லை.

ஆகவே, என் பழைய கல்லூரியின் நூலகர் ஒருநாள் போன் செய்து, "நம் நூலகத்துக்கு ஓர் இணையதளம் அமைக்கிறோம். மாணவர்களே செய்கிறார்கள். தமிழையாவைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை தர வேண்டும்" என்று கேட்டபோது, கட்டுரை என்ற வார்த்தை மட்டுமே என் காதில் ஏறியது. மற்றதெல்லாம் அவர்கள் பாடு என்று இருந்துவிட்டேன்.

'என் கல்லூரி' என்று நான் சொல்லிக்கொள்வதே கொஞ்சம் மிகைதான். இரண்டாவது வருஷம் அப்பா காலமானார். படிப்பு அதோடு நின்றது. நான் ஒரு மண்டிக்குக் கணக்கு எழுதப் போனேன். அந்த நாளில் தமிழையா சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் வருவார். காரியரில் இரண்டு புத்தகங்கள் இருக்கும். கல்லூரி நூலகத்தில் தம் பெயரில் எடுத்தவை. "அடுத்த வாரம் திருப்பிக் கொடு. கிழிக்காதே" என்பார். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார். நான் எழுத்தாளன் ஆனதற்கு யார்மேலாவது பழி சொல்ல வேண்டுமென்றால் அவர்மேல்தான் சொல்ல வேண்டும்.

அவரைப் பற்றி எழுதக் கசக்குமா? பன்னிரண்டு பக்கம் எழுதினேன். கடையில் அடித்து வாங்கி, ஒரு 'பென் டிரைவி'ல் போட்டுக்கொண்டு நூலகத்துக்கே நேரில் போனேன்.

நூலகத்தின் ஒரு மூலையில் மூன்று கம்ப்யூட்டர்களும் ஆறு மாணவர்களும் இருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் தினம் இரண்டு மணி நேரம் வேலை. அதற்கு ஒரு சிறு தொகை. போன வருஷம் வரை புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள். இப்போது இணையதளம் கட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கண்ணாடி அணிந்த ஒரு பெண்தான் தலைவி போலத் தெரிந்தாள். தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். மிகுந்த மரியாதையுடன் எனக்கு நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் விளக்கினாள்.

ஸ்விட்ஸர்லாந்தில் சேர்ன் என்ற பௌதிக ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் 1989ஆம் வருஷம் யோசனை சொல்லி, 1991இல் உலகுக்குத் திறந்துவிட்டதுதான் இந்த வலையாம். ஆரம்ப நாளில் பக்கம் ஒவ்வொன்றையும் குறிகள் போட்டுக் கையால் எழுத வேண்டியிருந்தது. ஒரு வரி மாற வேண்டுமானாலும் அந்த வித்தை தெரிந்தவரைத்தான் தேட வேண்டும். அந்தச் சிரமத்தைப் போக்க வந்தவையே உள்ளடக்கத்தைக் கட்டி மேய்க்கும் மென்பொருள்கள். அவற்றுள் ஒன்றான 'ட்ரூபல்' பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் சர்வகலாசாலை மாணவர் ஒருவர், கூடப் படித்த நண்பர்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காகச் செய்தது, 2001இல் வெளிவந்தது. இவர்கள் பயன்படுத்துவது 2003இல் பிறந்த 'வேர்ட்பிரஸ்'. விலை கிடையாது. எழுதவும் திருத்தவும் தெரிந்தால் போதும். பக்கம் கட்டும் காரியத்தை அது பார்த்துக்கொள்ளும்.

"அதில் ஆளுக்கு ஒரு பதவி உண்டு சார்" என்றாள் அந்தப் பெண். "நிர்வாகி, பதிப்பாசிரியர், ஆசிரியர், பங்களிப்பாளர் என்று. நூலகர் சார் நிர்வாகி. நான் பதிப்பாசிரியர். உங்களைப் பங்களிப்பாளராகச் சேர்த்திருக்கிறோம்."

"அப்படியென்றால்?"

"நீங்கள் எழுதி வைக்கலாம் சார். வெளியிட முடியாது. நான் பார்த்துவிட்டு வெளியிடுவேன்."

பதினாறு நாவல் எழுதியவன் நான். தாவரவியல் இரண்டாம் வருஷம் என் எழுத்தைப் பார்த்து அனுமதி கொடுக்குமாம்! வெளியே சிரித்தேன். உள்ளே ஏதோ சுருக்கென்றது. அந்த நிலையில்தான் என் கோப்பைத் திறந்து பார்த்தாள். சற்று நேரம் எதையோ தட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"சார், இதை வாசிக்க முடியாது சார்."

எனக்கு வந்ததே கோபம்! "ஏனம்மா, தமிழ் புரியவில்லையா?" என்றேன்.

"ஐயையோ, அப்படி இல்லை சார். எழுத்துரு பழசு. நாங்களே வேறு எழுத்தில் அடித்து..."

"ஒன்றும் வேண்டாம். கடையில் எவ்வளவு அழகாகப் பக்கம் கட்டியிருக்கிறான், பார். ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. அப்படியே போடு."

அவள் நூலகரைப் பார்த்தாள். நூலகர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். கட்டுரை அப்படியே போடப்பட்டது.

மூன்று வாரம் கழித்துத் தமிழையாவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. கண் நீர் அழுத்த நோய் வந்து, ஐந்து வருஷத்துக்கு முன்பே பார்வை முழுவதும் போய்விட்டது. அதை நான் அறிவேன். அதனால் அவர் படிப்பதையும் நிறுத்தியிருப்பார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள் ஒன்றை அவருடைய பேரன் அதில் போட்டுக் கொடுத்திருந்தான். 'என்விடிஏ' என்று பெயர். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கியது; பார்வையற்ற நண்பர் ஒருவரும் அவருடன் சேர்ந்துகொண்டார். அதுவும் இலவசம்தான். குரல் இயந்திரக் குரல். ஆனால் தமிழைத் தமிழாகவே சொல்லும்.

"வாடா. என்னைப் பற்றி என்னவோ எழுதியிருக்கிறாயாமே! நீ வந்தபின் கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றார். விரல்கள் பழகிய இடத்தில் பழகிய பித்தானைத் தட்டின.

கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்தது. அது தமிழும் அல்ல, இங்கிலீஷும் அல்ல. ஏதோ அசுர பாஷை. நடுநடுவே தனித்தனியாக இங்கிலீஷ் எழுத்துக்கள் உதிர்ந்தன. ஐயா தலையைச் சாய்த்து, வகுப்பில் மாணவன் பாடம் ஒப்பிக்கும்போது கேட்பாரே, அதே பொறுமையுடன் ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு நிறுத்தினார்.

"என்னடா, உன் நடை ரொம்ப மாறிப்போச்சே!" என்றார்.

பேரன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன்தான் விஷயத்தை விளக்கினான். என் கடைக்காரன் உபயோகித்தது பாமினி என்ற பழைய எழுத்துரு. அதில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். நாடகத்தில் ராஜபார்ட் வேஷம் கட்டியவன் மாதிரி. வேஷத்தைப் பார்க்கக் கண் வேண்டும். கண்ணில்லாதவருக்கு உள்ளே இருக்கும் ஆள்தான் தெரிவான். யூனிகோட் முறையில் அப்படியில்லை. 1991ஆம் வருஷம் அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 'அ'வுக்கு 2949 என்று ஓர் எண். உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த எண் 'அ'தான்.

'இதை வாசிக்க முடியாது சார்.' அந்தப் பெண் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாருக்காக எழுதினேனோ அவர் ஒருவரால் மட்டும் படிக்க முடியாதபடி எழுதிக் கொடுத்திருந்தேன். எச்சரித்தவளை அதட்டியும் இருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நூலகத்தில் நின்றேன். விஷயத்தைச் சொல்லி, "பன்னிரண்டு பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டுமே, எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் பதில் சொல்லாமல் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். முழுக் கட்டுரையும் யூனிகோடில் இருந்தது. எழுத்துருவை மாற்றிக் கொடுக்கும் ஒரு மென்பொருளில் போட்டு எடுத்து, அது உடைத்துவிட்ட எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, நான் கோபித்துக்கொண்டு போன வாரமே முடித்திருக்கிறாள். மேலே 'வரைவு' என்று குறித்திருந்தது.

"நீதானே பதிப்பாசிரியர்? ஏனம்மா வெளியிடவில்லை?" என்றேன்.

"உங்கள் பெயரில் போகிற எழுத்து சார். ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது என்றீர்கள். நீங்கள் ஒரு தடவை பார்க்காமல் எப்படி?"

அதிகாரம் அவள் கையில் இருந்தது. சரி எது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் எழுதியவன் பார்க்கட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தாள். என் இருபது வருஷ அனுபவத்தில் பத்திரிகை ஆபீஸ்களில் இந்த நாணயத்தை நான் அதிகம் கண்டதில்லை. பக்கம் கட்டும் வித்தையை யாரும் ஒரு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதை எந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நூலகரைக் கேட்டேன். "புத்தகத்துக்கு எண் ஒட்டும்போது வந்திருக்கும்" என்றார். "ஒரு நம்பர் மாறினால் அந்தப் புத்தகம் தொலைந்த மாதிரிதானே!"

அன்று பகல் முழுவதும் நான் மாணவனானேன். எழுத்தைத் தடிப்பாக்கிவிட்டால் அது தலைப்பாகிவிடாது என்று கற்றேன். தலைப்பு என்று முறையாகக் குறித்தால்தான் கேட்டுப் படிப்பவர் ஒரு பித்தானைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்புத் தாவ முடியுமாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முந்திய வடிவம் அழியாமல் இருப்பதையும் பார்த்தேன். கடைசியாக ஐயாவின் புகைப்படம் வந்தது. பார்வையில்லாதவருக்காகப் படத்துக்கு வார்த்தையில் ஒரு விளக்கம் எழுத வேண்டும். அவள் 'பேராசிரியர் படம்' என்று எழுதி வைத்திருந்தாள்.

"இதை என்னிடம் விடு" என்று 'கருணை ததும்பும் கண்களும் ஞான ஒளி வீசும் முகமும்' என்று ஆரம்பித்தேன்.

"கருணை படத்தில் தெரிகிறதா சார்?" என்று மெல்லக் கேட்டாள். "படத்தில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும். நீளமானால் கேட்பவர்களுக்கு அலுத்துப்போகும்."

படத்தை மறுபடி பார்த்தேன். மூன்று முறை அடித்து எழுதினேன். நான்காவது தடவைதான் பதிப்பாசிரியர் தலையை ஆட்டி, 'வெளியிடு' பித்தானைத் தட்டினார்.

அன்று மாலையே ஐயாவின் வீட்டுக்குப் போய்விட்டேன். இயந்திரக் குரல் என் கட்டுரையைத் தங்கு தடையில்லாமல் படித்தது. ஐயா எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே வந்தார். படம் வந்த இடத்தில் குரல் சொல்லியது: "கல்லூரி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார் தமிழையா. காரியரில் இரண்டு புத்தகங்கள். வேஷ்டியின் ஓரத்தில் சேறு."

ஐயா பித்தானைத் தட்டி அதை இன்னொரு முறை கேட்டார்.

"சேறு தெரிகிறதா அதில்?"

"தெரிகிறது ஐயா."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் பக்கமாக முகத்தைத் திருப்பிச் சொன்னார்:

"அது உங்கள் தெருச் சேறுடா."