மார்கழியில் வா, தாயி

போடிநாயக்கனூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சித்திக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஆனாலும் சொன்ன பேச்சுக் கேட்காமல் மாடியேறித்தான் வத்தல் காயப்போடுகிறாள். நீ அனுப்பிய படங்களைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டியாகிவிட்டது.

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த இங்கிலாந்துக் கிராமத்து வயல்வெளியில் நடந்தது, போன் காட்டிய புள்ளியைத் தேடிப்போய் வேலியோர மரத்தின் வேரிடுக்கில் சின்னவன் டப்பாவைக் கண்டுபிடித்தது, உள்ளே இருந்த நோட்டில் கோணல்மாணலாகப் பேர் எழுதியது, எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் போனே கதியென்று கிடக்கிறார்கள் என்று போன தடவை அழுதாய். இப்போது அதே போனைக் காட்டி வெயிலுக்கும் காற்றுக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கெட்டிக்காரி! அடுத்தவர் வயலுக்குள்ளேயே பொதுப்பாதை போகும், மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கும், நிலத்துக்காரரே மறிக்க முடியாது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பெரிய சந்தோஷம் எனக்கு.

கடைசிப் பத்திதான் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஈஸ்டர் லீவுக்கு வருகிறோம், குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை நாங்களே நடந்துகொள்வோம், வழி நெடுக டப்பா ஒளித்து வைப்போம், பாதையைப் போனில் ஏற்றியாகிவிட்டது, ஆள் துணை வேண்டாம் என்கிறாய். அப்படியே உன் அப்பாவின் தைரியம். அண்ணனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் இந்த விஷயத்தில் வேண்டாம், தாயி.

ஈஸ்டர் பங்குனி, சித்திரையை ஒட்டி வரும். அந்த மாதங்களில் நம் மலைச்சரிவு எப்படிக் கிடக்கும் என்று உனக்கு மறந்துபோயிருக்கும். ஆளுயரப் புல் காய்ந்து சருகாகி நிற்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நீ அப்போது ஊரில் இல்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்த பிள்ளைகள் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள், பாப்பா. நிறையப் பேர் பெண்பிள்ளைகள். அன்று ராத்திரி நம் ஊர் வழியாக ஓடிய ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்களில் குரங்கணிச் சனங்களும் மலையில் இருக்கிறவர்களும் உண்டு. பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். தீயும் கூடவே ஏறும், மனுசன் ஓட்டத்துக்கு அது நிற்காது. எந்தப் பக்கம் புல், எந்தப் பக்கம் வெறும் பாறை, எங்கே ஓடை என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அந்த நேரத்தில் கால் சரியான திசைக்குத் திரும்பும். அதனால்தான் தீக்காலத்தில் வனத்துறை நடைபயணத்தையே நிறுத்திவைக்கிறது. உனக்காகத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டேன்.

நீ பத்தாவது முடித்த வருசம் நாம் அதே பாதையில் நடுவழியில் இருக்கிற சென்ட்ரல் வரை போனோமே, நினைவிருக்கிறதா? திடீரென்று மஞ்சு இறங்கி, முன்னால் நடந்த என் சட்டை தெரியாமல் நீ அழுதாய். கூட வந்த முதுவாக்குடிப் பெரியவர் என்ன செய்தார்? நடக்காதே, இருந்த இடத்திலேயே உட்கார் என்றார். உட்கார்ந்தோம். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி அவர் மென்று முடிக்கவும் மஞ்சு விலகவும் சரியாக இருந்தது. பார்த்தால் பத்தடிக்கு அப்பால் சரிவு. உன் போனில் அந்தப் பாதை கோடாகத் தெரியும். அந்த நேரத்தில் உட்காரச் சொல்ல அதற்குத் தெரியாது.

உன் டப்பா தேடும் விளையாட்டைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். இடம் காட்டுகிற செயற்கைக்கோள் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் எடுத்ததும், மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் காட்டில் ஒரு வாளியை ஒளித்துவைத்தாராம். ஆனால் அதற்கும் மூத்த கதை நீ இருக்கும் நாட்டிலேயே இருக்கிறது. 1854-இல் டார்ட்மூர் சதுப்பில், கிரான்மியர் குளத்தருகே, வந்தவர்கள் தங்கள் பேர் அட்டையைப் போட்டுவிட்டுப் போக ஒரு பாட்டிலை வைத்தவர் ஜேம்ஸ் பெரட். அவர் யார் தெரியுமா? சதுப்பில் கால் புதையாமல் ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டி. உன் விளையாட்டின் வேரிலேயே ஒரு முதுவாக்குடிப் பெரியவர் இருக்கிறார் பார்.

நீ நடக்க நினைக்கிற பாதையின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வை. மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. முதலில் 1902-இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-இல் சின்ன ரயில். டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு கப்பலேறி உன் சீமை. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரோப்வேயின் மிச்சம் இன்னும் மேலே நிற்கிறது. உன் தாத்தா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாதை பிரிகிற இடத்தில் ஒரு தழை ஒடித்துக் கல்மேல் வைத்துவிட்டுத்தான் நடப்பார். பின்னால் வருகிறவனுக்கு, ஒருவர் முன்னே போயிருக்கிறார் என்று தெரியும். தழை இரண்டு நாளில் காய்ந்து மண்ணோடு மண்ணாகும். அதனால் காட்டுக்குள் பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம். குரங்கு விடாது, காட்டுமாடு வந்து முகரும், கடைசியில் குப்பையாக ஓடையில் கிடக்கும்.

இப்படிச் செய். லீவைக் கிறிஸ்துமஸுக்கு மாற்றி, பொங்கல் வரை இருந்துவிட்டுப் போ. மழை விட்டிருக்கும், புல் பச்சையாக இருக்கும், ஏலக்காய் எடுப்பும் நடந்துகொண்டிருக்கும். 2024-இல் அரசாங்கம் தமிழ்நாடு முழுக்க 40 மலைப்பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படித் திறந்தது. அதில் குரங்கணி - சாம்பலாறும் ஒன்று. வழிகாட்டியோடு அனுப்புவார்கள், நானும் வருகிறேன். ஒருநாள் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போகலாம். காய் உலரும்போது கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற சூட்டையும் மணத்தையும் பிள்ளைகள் ஒரு தடவையாவது அனுபவிக்க வேண்டும். அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகும் என்று சொன்னால் சின்னவன் நம்ப மாட்டான், தராசிலேயே வைத்துக் காட்டுகிறேன்.

பெரியவளுக்குத் தனியாக ஒரு வேலை வைத்திருக்கிறேன். பத்தாவது வட அட்சக்கோடு நம் ஊரின் தெற்கு ஓரத்தை ஒட்டித்தான் போகிறது. போனில் சரியாக 10 டிகிரி, சுழி நிமிடம், சுழி விநாடி விழுகிற இடத்தை அவளே நடந்து கண்டுபிடிக்கட்டும். சமவெளி, தோப்பும் வயலும்தான், பயமில்லை. அங்கே டப்பா வைக்கலாம். தகர டப்பாவாக இருக்கட்டும், ஏலக்காயை மட்டும் உள்ளே போடாதே, மணத்துக்கு எறும்பும் குரங்கும் தேடி வரும். தோப்புக்காரர்களிடம் நான் இப்போதே கேட்டு வைக்கிறேன்.

சென்னையிலிருந்து போடிக்கே ரயில் இருக்கிறது. போடிக்கு ரயில் வருவதே 2010 கடைசியில் நின்றது, 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. சென்னை ரயில் வாரத்தில் மூன்று நாள்தான், பார்த்துப் பதிவு செய். பிள்ளைகளுக்கு வழுக்காத ஷூ வாங்கு. அட்டை கடித்தால் கத்தக் கூடாது என்று இப்போதே பழக்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். டிக்கெட்டை மாற்றிவிட்டேன் என்று நீ போன் பண்ணும் வரை நானும் சித்தியும் பேசிப் பேசிச் சண்டைதான் போட்டுக்கொண்டிருப்போம், சீக்கிரம் பண்ணு.

அன்புடன்,
சித்தப்பா