கெட்டுப்போனால் திட்டுவீர்களா?

என் அக்கா மகள் பேரையூரில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். போன கோடை விடுமுறைக்கு முன்னால் போனில், "சித்தி, நாமளே மாட்டி பல்பு எரியவைக்கிற செட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். ஒரு நிமிடம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "கெட்டுப்போனா திட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடுதான் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டே, "பையனுக்கு என்ன வயசு மேடம்?" என்றார். "பொண்ணு. பன்னிரண்டு வயசு" என்றேன். எடுத்த பெட்டியை வைத்துவிட்டு வேறொன்றை நீட்டினார். அதில் எல்லாம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் குட்டி விசிறி சுற்றும். "இது சேஃப். பிள்ளைங்க கெடுக்க முடியாது" என்றார்.

எனக்குப் பதினோரு வயதில் நடந்தது நினைவுக்கு வந்தது. அண்ணன் வீட்டு ரேடியோவைக் கழற்றினான். மாட்டி முடித்தபோது இரண்டு திருகாணிகள் மிச்சமிருந்தன, ரேடியோ ஒரு மாதம் பாடவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே, "இவன் இன்ஜினியராத்தான் வருவான்" என்றார். ரிப்பேராகி வந்த அதே ரேடியோவின் பின்மூடியை நான் திறந்த அன்று, அம்மா கையில் ஓர் அடி வைத்தார். நான் ஒன்றையும் கழற்றியிருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததோடு சரி. பிறகு தமிழ் படித்தேன். தமிழ் எனக்கு எல்லாம் தந்தது. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தக் குரூப் வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

முதல் பெட்டியைத்தான் வாங்கினேன். தமிழ் வாத்தியாருக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு, நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். வீட்டு மின்சாரம் வேண்டாம், ஒன்பது வோல்ட் பேட்டரி போதும். சூடு வைத்து ஈயம் பற்றவைக்கும் வேலை தொடக்கத்தில் வேண்டாம். துளைகளில் செருகிப் பிடுங்கும் பிரட்போர்டு இருக்க வேண்டும். உதிரிகள் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று போனால் அது மட்டும் கடையில் கிடைக்க வேண்டும். ஒரு எல்.இ.டி. விளக்கின் விலை ஒரு டீயின் விலையைவிடக் குறைவு. அதனால் விளக்குகளையும் ரெசிஸ்டர்களையும் கூடுதலாகவே கேட்டு வாங்கினேன். ஆர்டுயினோ போல நிரல் எழுதி இயக்கும் பலகையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பேரையூரில் பெட்டியைப் பிரித்ததும் அம்மா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா கரண்டு சமாச்சாரம்?" என்றார். அதே அம்மாதான். அவள் விளக்கை நேராக பேட்டரியில் வைத்தாள். பளிச்சென்று ஒரு மின்னல், அவ்வளவுதான், கருகிவிட்டது. அவள் விளக்கைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு கருகியதைப் பென்சில் பெட்டிக்குள் ஒளித்தாள். எனக்கு என் பதினோரு வயதுக் கை வலித்தது.

"இன்னும் பத்தொன்பது இருக்கு. எரிச்சுப் பாரு" என்றேன். இரண்டாவதும் போனது. மூன்றாவதற்கு அவளே கையேட்டைப் புரட்டி, மஞ்சள், ஊதா, பழுப்புக் கோடு போட்ட 470 ஓம் ரெசிஸ்டரை நடுவில் செருகினாள். விளக்கின் நீளமான காலைப் பேட்டரியின் கூட்டல் பக்கம் வைத்தாள். எரிந்தது.

பக்கத்துத் திருமங்கலத்து அக்காமார்களின் கதையை அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகளைச் சேர்த்து ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளைச் செய்தது. திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று அதைச் சுமந்த ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. ஆனால் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை. செயற்கைக்கோள் வீணாயிற்று. தவறு ராக்கெட்டில் என்று இஸ்ரோ வெளிப்படையாகச் சொன்னது. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையைச் சேர்ந்தது. "அவ்வளவு பெருசு கெட்டுப்போயும் மறுபடி விட்டாங்களா சித்தி?" என்றாள். விட்டார்கள். பெரிய இடங்களில் கெட்டுப்போவதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நம் வீடுகளில் அந்தக் கணக்கு ஆண்பிள்ளைகளின் பெயரில் மட்டும் இருக்கிறது.

அவள் தூங்கியபின் அக்கா தையல் மிஷினை மூடிவிட்டு வந்து பிரட்போர்டைக் கையில் எடுத்தாள். "தொடலாமா?" என்று என்னிடம் கேட்டாள். நாற்பத்தெட்டு வயது அவளுக்கு. துணியில் மின்சாரம் கடத்தும் நூலால் தைக்கிற லில்லிபேட் என்ற சுற்று இருப்பதையும், அதை வடிவமைத்தவர் லியா பியூக்லி என்ற பெண் என்பதையும் சொன்னேன். "நூல்னா எனக்கு வரும்" என்றாள்.

அடுத்த முறை அவளுக்கும் ஒன்று வாங்க வேண்டும். கூடுதல் விளக்குகளோடு.