முன் போர்க்கும் மதிப்பீடும்

மதிப்பு என்பது பொருளில் இருக்கிறதா, மதிப்பிடுகிறவனிடம் இருக்கிறதா என்ற கேள்வியை நம் சிறு பத்திரிகைகள் வெகு காலமாகப் பேசி வந்திருக்கின்றன. க.நா.சு. பட்டியல் போட்டார். காரணம் கேட்டவர்களுக்குத் தம் ரசனையையே காட்டினார். 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா, அலசிக் காட்டாத அபிப்பிராயம் விமர்சனமாகாது என்ற பக்கம் நின்றார். இரண்டிலும் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கு இந்தக் கேள்வி சென்ற ஆண்டு ஒரு சைக்கிளின் முன் போர்க் வடிவத்தில் வந்தது. நகர முடியவில்லை. காரணம், அதில் என் அக்காவின் சீட்டுப் பணம் 22,000 ரூபாயும் அவள் மகனின் வலது மணிக்கட்டும் சம்பந்தப்பட்டிருந்தன.

வேம்பாரில் மலை கிடையாது. விளாத்திகுளம் தாலுகாவின் கடலோரக் கோடியில், ராமநாதபுரம் எல்லையை ஒட்டி, மணலும் பனையும் உடைமரமும் உப்புக் காற்றுமாகக் கிடக்கிற ஊர் இது. ஆனால் மலைச் சைக்கிள் வந்துவிட்டது. பிளஸ் டூ படிக்கிற மருமகன் விடியுமுன் பனங்காட்டிலிருந்து பதநீர்க் கேன்களை அக்காவின் விடிலிக்குக் கொண்டு சேர்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். 2001-02இல் தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டத்தில் அவனுக்கும் ஒரு வண்டி கிடைத்திருந்தது. தார் ரோட்டுக்கு நல்ல வண்டி. மணலில் அதன் ஒல்லி டயர் புதையும். அப்படிப் புதைந்து விழுந்ததில்தான் மணிக்கட்டு எலும்பு விட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் மேடு பள்ளத்தில் வலி இருந்தது. ‘தம்பி, ஷாக் வச்ச வண்டின்னா கையில அடி தெரியாதாமே, எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு’ என்றாள் அக்கா. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு, பேங்க் குமாஸ்தாவுக்கு, இதெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவள் நம்பிக்கை.

அப்சார்பர் என்ற சொல் நம் ஒர்க்ஷாப்புகளில் ‘அப்சர்வர்’ என்று திரிந்து நிலைத்துவிட்டது. உள்வாங்குவது, பார்த்துக்கொண்டு நிற்பதாக மாறிவிட்டது. முதலில் இதை வெறும் உச்சரிப்புக் கோளாறு என்றுதான் எடுத்துக்கொண்டேன். விஷயத்துக்குள் போகப் போக, மலிவான போர்க்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று தெரிந்தது.

சஸ்பென்ஷன் போர்க்கில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்றை வில் செய்கிறது. சக்கரம் கல்லில் ஏறும்போது அமுங்கி, அந்த வேகத்தைத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைத்ததை அது வைத்துக்கொள்ளாது, அடுத்த கணமே திருப்பித் தந்துவிடும். இரண்டாவது வேலை அந்தத் திருப்பித் தருதலை அடக்குவது. ஒரு காலுக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே நெருக்கப்படும்போது அடியின் வேகம் வெப்பமாக மாறிக் கரைந்துபோகிறது. உள்வாங்குதல் என்று நாம் சொல்வது உண்மையில் இந்த இரண்டாவது வேலையைத்தான். வில் மட்டும் உள்ள போர்க் அடியை ஒத்திப்போடுகிறது, அவ்வளவே. கல்லில் வாங்கியதைக் கல் தாண்டியதும் கைக்குக் கொடுத்துவிடும்.

இதன் சரித்திரம் சின்னது. அமெரிக்காவில் ஹோண்டா மோட்டோகிராஸ் பந்தயங்களில் மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் என்பவரின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989இல் ஆர்.எஸ்.1 என்ற போர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அமுங்கிய தூரம் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. மறு ஆண்டு, 1990இல், கொலராடோவின் துராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் மலையிறக்கப் பந்தயத்தை அந்த போர்க்கோடு கிரெக் ஹெர்போல்ட் வென்றார். நமக்கு முக்கியமானது இன்னொன்று. அந்த முதல் போர்க்கிலேயே வில்லுக்குக் காற்றும் அடக்குவதற்கு எண்ணெயும் இருந்தன. இன்று விலை குறைந்த வண்டிகளில் நூறு மில்லிமீட்டர் அமுங்குகிற போர்க் வருகிறது. அமுங்கும் தூரம் இரண்டு மடங்காகிவிட்டது, எண்ணெய் காணாமற் போய்விட்டது. வடிவத்தை எடுத்துக்கொண்டு, வடிவம் எதற்காக வந்ததோ அதை விட்டுவிடுவது சைக்கிளில் மட்டும் நடக்கிற காரியமல்ல. நம் புதுக்கவிதையில் எத்தனையோ பார்த்தாயிற்று.

தூத்துக்குடியில் ஒரு கடைக்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிஸம்’ எழுதிய ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குக் கவிஞர்களின் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளைக் கொடுத்தாரல்லவா, அதே முறையில் மூன்று வண்டிகளின் போர்க்குகளில் இருந்த பெயர்களையும் விலைச் சீட்டுகளையும் காகிதம் ஒட்டி மறைக்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பையன் ஒவ்வொரு ஹேண்டில்பாரையும் அமுக்கிப் பார்த்தான். ‘மாமா, இதுதான் நல்லா அமுங்குதுல்லா?’ என்று அவன் காட்டியது மூன்றில் மிக மலிவானது. விலை கூடியது அவனுக்கு வெறும் கட்டையாகப் பட்டது.

அவன் கை பொய் சொல்லவில்லை. விலை கூடியது காற்று போர்க். அதில் யாரோ கனத்த ஆளுக்குத் தக்கபடி காற்று ஏற்றியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் மொத்த தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அமுங்கி நிற்க வேண்டும் என்பது கணக்கு. ஐம்பத்திரண்டு கிலோ பையனுக்கு அந்தக் காற்று அதிகம். மலிவானதில் இருந்தது சுருள் வில், கடைத் தரையில் அது துள்ளி விளையாடும். பெயரை மறைத்துவிட்டால் பொருள் தானே பேசும் என்ற நம்பிக்கையின் எல்லை இங்கே தெரிந்தது. பெயரோடு சேர்த்து ரோட்டையும் அல்லவா மறைத்துவிட்டோம்! சூழலிலிருந்து பிய்த்தெடுத்த அமுக்கத்தில் கிடைப்பது ஒரு விரல் சுகம் மட்டுமே.

இந்தக் கடற்கரைக்கு மதிப்பீடு புதிதல்ல. முத்துக்குளித்துறையில் முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலில் பருமன் சல்லடையில் தீரும். வடிவமும் ஒளியும் பிறகு கண்ணால் தீர்மானமாகும். அளவும் ரசனையும் ஒன்றையொன்று விரட்டாமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த முறை அது. ஆனால் அதற்கு முந்திய கட்டம் வேறு. கரையில் சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று ஏலம் எடுத்தவனுக்கும் தெரியாது, விட்டவனுக்கும் தெரியாது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. சைக்கிள் கடையில் நாம் இன்னும் திறக்காத சிப்பியைத்தான் ஏலம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சல்லடையில் போட்டுப் பார்ப்போம். எஸ்.ஆர். சன்டூர் நிறுவனத்தின் வரிசையில் கீழ்ப்படிகளில் ஒன்று எக்ஸ்.சி.டி., அடுத்தது எக்ஸ்.சி.எம்., அதற்கு மேல் எக்ஸ்.சி.ஆர். அடிப்படை எக்ஸ்.சி.டி.யில் சுருள் வில் உண்டு, திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லை. எடை ஏறக்குறைய இரண்டரை கிலோ. எக்ஸ்.சி.ஆரின் காற்று வகையிலும் ராக்‌ஷாக்ஸின் ஜூடி, ரெகான் போர்க்குகளிலும் ஓட்டுகிறவனின் எடைக்குத் தக்கபடி காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். திரும்பும் வேகத்தையும் திருகி வைக்கலாம். ஜூடியின் மேற்குழாய் முப்பது மில்லிமீட்டர், ரெகானுடையது முப்பத்திரண்டு. குழாய் பருத்தால் வளைவு குறையும், சக்கரம் சொன்ன திசையில் போகும். காசுக்குத் தக்க பலன் எங்கே கிடைக்கிறது என்று கேட்டால், எண்ணெய் முதன்முதலாக ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கும் இந்த நடுப்படியில்தான் என்பேன். இதற்கு மேலே போகப் போக, ஒவ்வொரு நூறு கிராம் எடைக் குறைவுக்கும் பந்தயக்காரன் மட்டுமே நியாயம் சொல்லக்கூடிய விலை.

ஆனால் நடுப்படி போர்க் ஒன்றின் விலையே அக்காவின் சீட்டுப் பணத்தைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். அதோடு முடிவதில்லை. ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க் கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். தினம் ஒன்றரை மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு அது சுமார் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை. வேம்பாரில் அதைச் செய்ய ஆளில்லை. இன்னும் ஒன்று. நல்ல போர்க்குகளின் கீழ்க் கால்களை எடை குறைக்க மெக்னீசியத்தில் வார்க்கிறார்கள். உப்பு ஈரத்தில், இரும்புத் திருகு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், முதலில் அரிக்கப்படுவது மெக்னீசியம்தான். பெயிண்ட் உரிகிற வரைதான் அதற்குப் பாதுகாப்பு. பனி பெய்கிற மலையில் உயர்ந்ததாக இருப்பது உப்புக் காற்றிலும் உயர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆக மிச்சம் இருந்தவை இரண்டு. கீழ்ப்படி போர்க் வைத்த வண்டி ஒன்று. அல்லது சாதாரண இரும்பு போர்க், அதில் இரண்டேகால் அங்குல டயர். சாதாரண போர்க்கின் எடை ஒரு கிலோவைச் சுற்றி நிற்கும். கழற்ற, துருப்பிடித்து இறுக ஒன்றுமில்லை. டயரும் ஒரு வில்தான், அதிலும் எண்ணெய் இல்லை. இருந்தாலும் அது அடியைச் சக்கரம் வாங்குகிற இடத்திலேயே, சக்கரத்தைத் தூக்காமலே வாங்குகிறது. கேன்களின் பாரம் பின்னால் இருப்பதால் முன் டயரில் காற்றை இருபத்தெட்டு பவுண்டு வரை தாராளமாக இறக்கலாம். இறக்கினால் டயர் பரந்து மணலில் மிதக்கும். பையன் விழுந்தது மணலில் என்பதை மறந்துவிடக் கூடாது. மணிக்கட்டை முதலில் காப்பாற்ற வேண்டியது குலுக்கலிலிருந்து அல்ல, விழுவதிலிருந்து.

என் தீர்ப்பு சாதாரண போர்க். மருமகன் ஏற்கவில்லை. ‘ஷாக் இல்லாம போனா பயலுவ கூட்டத்துலயே சேக்க மாட்டானுவ மாமா’ என்றான். இது அற்பக் காரணம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பதினேழு வயதில் கூட்டத்தில் சேர்வதும் ஒரு பயன்தான். அதற்கும் விலை கொடுக்கலாம். ஆனால் அதை மணிக்கட்டின் கணக்கில் எழுதக் கூடாது. பேங்கில் ஒரு கணக்கின் பற்றை இன்னொரு கணக்கில் எழுதினால் என்ன பெயரோ, மதிப்பீட்டிலும் அதே பெயர்தான். இதை அக்காவிடம் இரண்டு பத்தியாகப் பிரித்துச் சொன்னேன், இது கைக்கு, இது கூட்டத்துக்கு என்று. அவள் கைக்கு மட்டும் பணம் எடுத்தாள். சீட்டுப் பணத்தில் மீந்தது கருப்பட்டிச் சிரட்டைகளுக்கும் விறகுக்கும் போயிற்று.

நான்கு மாதமாக வண்டி ஓடுகிறது. மணல் பாதையில் அவன் விழவில்லை. கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்களா என்று நான் கேட்கவில்லை. காட்டிலிருந்து ரோடு ஏறுகிற இடத்தில், சரளை அலை அலையாகக் கெட்டித்துப்போன முந்நூறு கஜம் உண்டு. அதில் டயரால் ஒன்றும் செய்ய முடியாது, எண்ணெய் வைத்த போர்க்கால்தான் முடியும். அந்த முந்நூறு கஜமும் அவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான்.