காலி என்று நினைத்த வீடு

லேப்டாப்பில் இடம் போதவில்லை. பார்த்தால், ஹார்ட் டிஸ்கில் சி, டி என்று எந்த எழுத்தும் இல்லாமல் ஒரு பெரிய பகுதி சும்மா கிடந்தது. பி.காம். படித்தவன் புத்தி... சும்மா கிடக்கிற சொத்தை விட்டுவைப்பானேன்? ‘டெலிட்’ என்று ஒரு க்ளிக். ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை. ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று கேட்டபடி கண் சிமிட்டியது.

அப்புறம்தான் உறைத்தது. அது, அக்கா பையன் எப்போதோ உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்த பார்ட்டிஷன். எங்கள் புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் பிரித்ததுபோல, ஒரே லேப்டாப்பில் இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ். அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கத்துக்குப் படிக்கத் தெரியாது. எனக்காவது ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

போனால் போகட்டும் என்று விட முடியாது. அந்த லினக்ஸுக்குள் ஒரு வெர்ச்சுவல் மெஷின். அதாவது, கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். அதில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. 2006-ல் வாங்கிய என் வாய்ஸ் ரெக்கார்டரின் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். அதற்குள் எங்கள் தெரு சொல்தா தாத்தாவின் குரல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய் வந்தவர். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா கொடுத்தார். தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசம். இருவருமே இப்போது இல்லை. வேறு நகலும் இல்லை.

அக்கா பையனுக்கு போன் போட்டேன்.

“மாமா, அழிச்ச இடத்துல எதையாவது காப்பி பண்ணீங்களா?”

“இல்லடா. பயந்து ஆஃப் பண்ணிட்டேன்.”

“பொழச்சீங்க. அப்படியே வைங்க, வரேன்.”

வந்து விளக்கினான். என்னுடையது பழைய மாதிரி டிஸ்க். அதன் முதல் 512 பைட்டில் வெறும் 64 பைட்தான் பாகப்பிரிவினைப் பத்திரம். எந்த வீடு எங்கே ஆரம்பம், எவ்வளவு நீளம் என்ற கணக்கு. நான் கிழித்தது பத்திரத்தைத்தான், வீடு இடியவில்லை. லெட்ஜரில் இண்டெக்ஸ் பக்கம் போனாலும் பற்று வரவு உள்ளே இருக்குமே, அப்படி! ஆனால் மேலே எதையாவது எழுதியிருந்தால் போயே போச்சு. எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் இந்த அதிர்ஷ்டத்தையும் நம்ப முடியாதாம்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, முதலில் மொத்த டிஸ்கையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தான். ராத்திரி முழுக்க ஓடியது. நான் தூங்கவில்லை. காலையில் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருள். எழுதியவர் கிறிஸ்டோஃப் க்ரெனியே என்ற பிரெஞ்சுக்காரர். தொலைந்த பார்ட்டிஷனின் எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து, பத்திரத்தைத் திரும்ப எழுதும். எழுதியது. லினக்ஸ் வந்தது. அதற்குள் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்தது.

தாத்தாவும் வந்தார். “ஜூலை பதினாலுக்கு நான் சட்டையில கொடி குத்துவேன். ஆகஸ்ட் பதினஞ்சுக்குத் தம்பி குத்துவான். முட்டாய் மட்டும் ரெண்டு நாளும் ஒரே கடையிலதான் வாங்குவோம்.”

அன்றைக்கே எல்லாவற்றையும் சாதாரண எம்பி3 ஆக்கி மூன்று இடத்தில் வைத்தேன். உங்கள் வீட்டுப் பரணிலும் யாராவது ஒரு தாத்தா கேசட்டிலோ ரெக்கார்டரிலோ இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள்.

அக்கா பையன் கிளம்பும்போது சொன்னான்: “மாமா, இனிமே காலியா எதையாவது பார்த்தா, மொதல்ல எனக்கு ஒரு போன் பண்ணுங்க!”