பணமாகத் தர ரூல் இல்லை அண்ணி

நான் அண்ணியிடம் சொன்னது பொய். "வண்டியை எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பித் தர்றோம், இல்லேன்னா வேற வண்டி தர்றோம், எது வேணும்?" என்றுதான் கம்பெனி ஆள் கேட்டார். வீட்டுக்கு வந்து நான் சொன்னது: "பணமாத் தர ரூல் இல்லையாம் அண்ணி. வேற வண்டிதானாம்."

2023 குறுவை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாயிற்று. திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறதே, அந்தப் பாசனம்தான் எங்களுக்கு. அண்ணன் போனபிறகு அண்ணியின் பங்கையும் நான்தான் பார்க்கிறேன். தண்ணீர் வந்த வாரத்தில் வாடகை டிராக்டர்காரனிடம் கெஞ்சி அலுத்துவிட்டது என்று சொல்லி, சொந்த டிராக்டர் ஆசையைக் கிளப்பியதும் நான்தான். விலை ஏழு லட்சத்துச் சொச்சம். பாங்குக் கடன் போகக் கட்ட வேண்டிய கைப்பணத்துக்கு அண்ணி நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தார். ஆர்.சி. என் பெயரில்.

கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்க இறக்கியபோதே வண்டியின் லட்சணம் தெரிந்துவிட்டது. பின் அச்சு சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் டிகிரி காபி நிறத்தில் நுரைத்துக்கொண்டு வருகிறது. ஹைட்ராலிக்கும் நிற்கவில்லை. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால் அது தரையில் உட்கார்ந்திருக்கும். சீல் மாற்றினார்கள், ஆயில் மாற்றினார்கள், வயலில் இறக்கினால் மறுபடியும் அதே காபி. "ஆழச் சேத்துல விட்டா எந்த வண்டியும் இப்படித்தாங்க" என்றார் ஷோரூம்காரர். டெல்டாவில் டிராக்டர் விற்கிறவர் பேசுகிற பேச்சா இது! ஊரில் நாலு பேருக்கு வாடகைக்கு உழுததை எப்படியோ மோப்பம் பிடித்து, "நீங்க வியாபாரத்துக்கு ஓட்டுறீங்க, நுகர்வோர் கோர்ட்டு உங்களுக்குக் கிடையாது" என்றும் மிரட்டினார்.

தஞ்சாவூர் வக்கீல் ஒருவர் எல்லாவற்றையும் விளக்கினார். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுகிறவனைச் சட்டம் வியாபாரி என்று தள்ளுவதில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, குறையைச் சரிசெய், வேறு பொருள் கொடு, விலையை வட்டியோடு திருப்பிக் கொடு என்று எதையும் மாவட்ட ஆணையம் உத்தரவிடலாம். இந்த விலைக்கு மனுக் கட்டணம் வெறும் 200 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் முழு வண்டியையே மாற்ற வைப்பது லேசல்ல. பாகத்தை மாற்றினால் தீரும் கோளாறென்றால் பாகத்தைத்தான் மாற்றணும் என்று 2006-ல் மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உற்பத்திக் குறை என்று நிரூபிக்க ஜாப் கார்டுகளும் நிபுணர் அறிக்கையும் வேண்டும். "நோட்டீஸ் அனுப்புவோம். அவங்களே இறங்கி வந்தா, பணமோ வண்டியோ, எழுத்துல வாங்கிக்குங்க" என்றார்.

நோட்டீஸ் போனதும் இறங்கி வந்தார்கள். அப்போதுதான் கம்பெனி ஆள் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அண்ணிக்குப் பணம்தான் வேண்டும். அக்டோபரில் மேட்டூரை மூடிவிட்டார்கள், சம்பா என்னாகுமோ என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "கெடைக்கிறத வாங்கிடுங்க தம்பி. நகைய மீட்டுட்டா எனக்கு நிம்மதி" என்றார். நான் போட்ட கணக்கு வேறு. பணமாக வந்தால் முதலில் பாங்குக் கடன் தீரும். மிச்சம் முழுக்க அண்ணியுடையது. பதிவுச் செலவும் இன்சூரன்ஸும் அதில் வருமா என்பதே பேரத்தைப் பொறுத்தது. கடைசியில் என் கையில் என்ன இருக்கும்? வண்டியும் இல்லை, கடைத்தெருவில் "டிராக்டர்காரர்" என்ற பேரும் இல்லை. மறுபடி அந்த வாடகைக்காரன் வீட்டு வாசல்.

வண்டி என்றேன். கம்பெனி ஆள் சந்தோஷமாக ஒரு ஜோடி கேஜ் வீலைச் சும்மா தந்தார். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். நஷ்ட ஈடும் அத்தோடு போயிற்று. புது வண்டிக்கு வாரன்டி முதலிலிருந்தா, பழையதன் மிச்சமா என்றுகூட எழுதி வாங்கவில்லை. என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் மாறியதால் பதிவை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அந்தச் செலவில் பாதியை அண்ணியிடமே கேட்டு வாங்கினேன்.

கலிபோர்னியாவில் பழுது தீராத புது வண்டிக்கென்றே சட்டம் இருக்கிறது. மாற்று வண்டியை ஏற்றுக்கொள் என்று கம்பெனி அங்கே வாங்கியவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பணம்தான் வேண்டும் என்று அவர் கேட்கலாம். பின்னாளில் இதைப் படித்தபோது, எங்கள் விஷயத்தில் கட்டாயப்படுத்தியது கம்பெனி இல்லையே என்றுதான் தோன்றியது.

மாற்று வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அதுவும் மக்கர் செய்திருந்தால் "எல்லாம் விதி அண்ணி" என்று ஒதுங்கியிருப்பேன். நல்ல வண்டியாய் அமைந்து அந்த வழியையும் அடைத்துவிட்டது. வாடகை வருமானத்தில் தவணை கட்டுகிறேன். நகைக் கடன் வட்டியை அண்ணி நெல் விற்ற காசிலும் பால் காசிலும் கட்டி, போன வருஷம்தான் மீட்டார். வட்டி ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். அந்த வட்டியைக் கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்கப் போனால் எதற்கு என்று கேட்பார். பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் இதுவரை ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.