டாப்ஸ்லிப்: வாய் பேசாத நோயாளிகளின் ஊர்

திருப்பூரில் பனியன் கம்பெனி மெஷின்கள் ஓய்வது ஞாயிற்றுக்கிழமைதான். நமக்கு அன்றைக்கும் துணி துவைக்கிற வேலை! "யானை பார்க்கணும்மா" என்று சின்னவன் ஒரு மாதமாக நச்சரித்ததில், போன வாரம் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். பல்லடம், பொள்ளாச்சி, சேத்துமடை தாண்டி மலை ஏறினால் டாப்ஸ்லிப். வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி, உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிடுவார்களாம். அதனால் வந்த பெயர்.

கோழிகமுத்தி யானை முகாமில் என்னைக் கவர்ந்தது சமையல்தான். ராகியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து, தேங்காயை விடப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து ஊட்டுகிறார்கள். "உருண்டையைக் கீழே போட்டுச்சுன்னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தமுங்க. டாக்டருக்குச் சொல்லிடுவோம்" என்றார் பாகன். கைக்குழந்தை பால் குடிக்காவிட்டால் நாம் பதறுவதில்லையா? அதே கதைதான்! எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளி. சாணத்தையும் நடையையும் பார்த்துத்தான் வைத்தியம்.

அந்த வைத்தியத்துக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. வனத்துறையின் கால்நடை மருத்துவராக முதுமலையிலும் இங்கேயும் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'டாக்டர் கே'. காட்டில் இறந்த யானை அழுகிக் கிடந்தாலும் அறுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்பார். நோயா, தந்தத் திருடனின் குண்டா என்பது அப்போதுதானே தெரியும்? முகாம் யானைகளின் பிறப்பு இறப்புக் கணக்குகளை வைத்து, ராமன் சுகுமார் முதலியவர்களுடன் 1997-ல் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். 2002-ல் காலமானார். ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' கதையைப் படித்தவர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். சுற்றுலா வந்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் துண்டு யானையின் காலில் ஏறுவது அந்தக் கதையில் வருகிறது.

யானையின் பாதம் பார்க்கத்தான் முரடு. உள்ளே மெத்தை மாதிரி. அத்தனை எடையோடு மிதிக்கும்போது கண்ணாடி ஆழமாக இறங்கிவிடும். தினமும் 150 கிலோவுக்கு மேல் தழையும் புல்லும் தேடித் தின்ன வேண்டிய ஜீவன், நடக்க முடியாவிட்டால் பட்டினிதான். இருபது மாதத்துக்கு மேல் சுமந்து பெற்ற குட்டி கூட இருந்தால் அதன் கதி?

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதே சின்னவன் கையிலிருந்த சிப்ஸ் கவர் காற்றில் பறந்தது. சோதனைச் சாவடியில் "பிளாஸ்டிக் இல்லைங்க" என்று சொன்னவளே நான்தான்! பாகன் ஓடிப்போய் எடுத்து வந்தார். "உப்பு வாசனைக்கு இதையும் முழுங்கிருமுங்க அம்மா" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வீடு வரும்வரை சின்னவன் அந்தக் கவரைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

நீங்களும் போய் வாருங்கள். போகுமுன் வனத்துறையில் அனுமதியும் நேரமும் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போங்கள். தீனியெல்லாம் பாகன் கொடுப்பார். நாம் கொடுக்க வேண்டாம். கொண்டு போனது அத்தனையும் திரும்பி வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். வைத்தியம் டாக்டர் பார்த்துக்கொள்வார். காயம் வராமல் பார்ப்பது நம் கையில்தானே!