அடுத்த மாதம் ஆகட்டும்

சென்ற சம்பள நாளன்று எங்கள் தோட்டத்து மண்டோர் ஒருவர் அலுவலக வாயிலில் நெடுநேரம் தயங்கி நின்றார். தம் தாயாரின் பதினாறாம் நாள் சடங்கிற்காக அவர் வாங்கியிருந்த முன்பணத்தில் ஒரு பகுதியை அன்று அவர் கணக்கில் கழித்தவன் நானே. புரோகிதருக்குத் தட்சிணை, பந்தல், ஊருக்கு விருந்து என்று மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. இந்த வீண் செலவைக் கண்டித்து நாலு வார்த்தை சொல்ல எனக்கு நா எழுந்தது. (சீர்திருத்தம் பேசுவதில் கிராணிமார்களுக்கு எப்போதுமே தாராள மனம்.) அதற்குள் அவர், "கடன் போகட்டுங்க ஐயா. போன மழைக்கு ஒரு கம்பளி வேணும்னு கேட்டாங்க. அடுத்த மாசம் ஆகட்டும்னு சொல்லிட்டேன்" என்று கூறிவிட்டுத் தலைகுனிந்து நடந்தார்.

அன்பர்களே, அவரைக் குறைகூற எனக்கு யோக்கியதை ஏது? என் பாட்டனார், 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் உதவிபெற்று மலாயாவுக்கு வருவதைத் தடை செய்யுமுன், கங்காணியோடு கப்பலேறி வந்தவர். அவருடைய தாயார் இறந்த செய்தி கடிதமாகத்தான் வந்தது. இடையே கடல் இருந்தது என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். என் பெற்றோருக்கும் எனக்கும் இடையே இருப்பதோ 30 மைல் தூரம். நான் அவர்களைக் கண்டு நான்கு மாதங்களாகியிருந்தன.

என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். நாளொன்றுக்கு 400 மரங்களுக்கு மேல் வெட்டுவார். அடுத்த நிரையில் அம்மா. அந்தக் கூலியில்தான் நான் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். அங்கே மற்றப் பிள்ளைகளின் தேர்ச்சிப் புத்தகத்தில் தகப்பன்மாரின் கையெழுத்து வளைந்து நெளிந்து ஓடும். என் தந்தையாருக்குக் கைநாட்டு. அதைக் காட்ட வெட்கப்பட்டு, மூன்று வருஷம் அவர் பெயரை நானே ஆங்கிலத்தில் கையெழுத்திட்டேன். புத்தகத்தை அவர் கண்ணிலேயே காட்டவில்லை. இதை ஒருநாள் அவரிடம் சொல்லிவிட வேண்டுமென்று எண்ணாத ஆண்டில்லை. மண்டோரின் கம்பளியைப் போலவே இதுவும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போயிற்று.

ஞாயிறன்று புறப்பட்டுப் போனேன். அம்மாவுக்கென்று கம்பளி ஒன்றும் கொண்டுபோனேன். விலையைக் கேட்டு அம்மா கடிந்துகொண்டார். பிறகு மடியில் விரித்துப் பார்த்தார்.

தந்தையார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமர்ந்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. கத்தி பிடித்துக் காய்த்துப்போன தம் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேரு இங்கிலீசுல நல்லா இருந்துச்சாப்பா?" என்றார்.

கம்பளி சுற்றி வந்த காகிதத்தில் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் கீழே தமிழிலும் எழுதிக் காட்டினேன். ஆங்கிலத்தை ஒருமுறை பார்த்ததோடு சரி. தமிழின் முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து, "இது என்னா எழுத்து?" என்று கேட்டார். சோறு ஆறிப்போகிறதென்று உள்ளிருந்து அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நாங்கள் மூன்றாம் எழுத்தில் இருந்தோம்.